காது மெஷின் விசில் அடித்தால்: சத்தம் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்குக் காது மெஷின் வாங்கிய முதல் மாதம், சாப்பாட்டு நேரத்தில் எங்கிருந்தோ ‘கீய்ய்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். குக்கரா என்று ஒருவர் எழுந்து அடுப்படிக்குப் போவார். போன் சார்ஜரா என்று இன்னொருவர் பிளக்கைப் பிடுங்குவார். அம்மா மட்டும் நிம்மதியாக ரசம் ஊற்றிக்கொண்டிருப்பார். சத்தம் வந்ததே அவர் காதிலிருந்துதான். அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

அப்புறம் மாமியார், மாடி வீட்டுத் தாத்தா, நண்பர்களின் அப்பா அம்மா என்று பத்துப் பன்னிரண்டு மெஷின்களையாவது மேஜையில் பிரித்து வைத்துப் பார்த்திருப்பேன். எல்லா வீட்டிலும் முதல் தப்பு ஒன்றேதான். விசில் வந்ததும் வால்யூமைக் குறைத்துவிடுகிறார்கள். விசில் நிற்கும், கூடவே பேச்சும் கேட்காமல் போகும். ஒரு வாரத்தில் "இந்த மெஷினே சரியில்லை" என்று அது பீரோவுக்குள் போய்விடும்.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் அலறுமே, இதுவும் அதே கதைதான். மெஷினின் மைக் காதுக்கு வெளியே இருக்கிறது. பெரிதாக்கப்பட்ட சத்தம் காதுக்குள் போகிறது. அந்தச் சத்தம் ஏதோ ஒரு இடுக்கு வழியாக வெளியே கசிந்து மறுபடி மைக்குக்குள் நுழைந்தால், மறுபடி பெரிதாகி, மறுபடி கசிந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றுதான் விசில். ஆகவே நம் வேலை கசியும் இடத்தைத் தேடுவது.

தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு: மாட்டியிருக்கும் விதம், காதின் உட்புறம், மோல்டு (காதின் அளவுக்கு அச்செடுத்துச் செய்த துண்டு), அதை மெஷினோடு சேர்க்கும் டியூப், கடைசியாக மெஷின். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போகும் வரிசை இது. தலைகீழாக ஆரம்பித்தவர்கள் நல்ல மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. எந்த விசில் என்று முதலில் பிரியுங்கள்

"காதுல விசில் அடிக்குது" என்ற ஒரே வார்த்தையில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். மெஷினைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேளுங்கள்: இப்பவும் கேட்கிறதா?

இப்பவும் கேட்கிறது என்றால் அது மெஷின் விசில் இல்லை, காது இரைச்சல். காதுக்குள்ளேயே எழும் சத்தம். வயதால் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு இது பரவலாக உண்டு. இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் அதைச் சரிசெய்யாது, டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். அதிலும் ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், கூடவே தலைசுற்றல் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

திடீரென்று ஒரு நாள் காலையில் ஒரு காது அடைத்ததுபோல் கேட்காமல் போய், இரைச்சலும் இருந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். "சளியா இருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம்" என்று விடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. நரம்பு சார்ந்த திடீர்க் காது கேளாமை என்றால் சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பிப்பவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

மெஷினைக் கழற்றினால் சத்தம் நிற்கிறது, ஆனால் மாட்டியிருப்பவருக்கு மட்டுமே கேட்கிறது, மற்றவர்களுக்குக் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் அது பேட்டரி தீரப்போகிறது என்று மெஷின் கொடுக்கும் ‘டிங் டிங்’. பேட்டரியை மாற்றுங்கள், முடிந்தது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிறது என்றால் அதுதான் நாம் தேடும் விசில்.

ஒரு விதிவிலக்கு. மாட்டும்போதும் கழற்றும்போதும், உள்ளங்கையால் காதைப் பொத்தும்போதும், யாராவது கட்டிப்பிடிக்கும்போதும் ஒரு கணம் ‘கீ’ என்றால் அது கோளாறு ஆகாது. கை குறுக்கே வந்து சத்தத்தை மைக் பக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். மெஷினை உள்ளங்கையில் மூடிப் பிடித்தால் விசில் வருவது, அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனையும்கூட.

2. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

டார்ச், காய்ந்த மெல்லிய துணி, மெஷினோடு வந்த சின்ன பிரஷ், பிரிக்காத புது பேட்டரி, ஒரு கிண்ணம், மிதமான சோப்பு. மோல்டு உள்ள மெஷின் என்றால் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்று ஊதும் ஊதுகுழலும் வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

மேஜை மேல் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். இந்தச் சாமான்கள் எல்லாம் மிளகு, உளுந்து அளவுதான். தரையில் விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வாஷ்பேசின் மேல் வைத்துப் பிரித்து டோமை, அதாவது காதுக்குள் போகும் ரப்பர் குடையை, தண்ணீரோடு அனுப்பியவர் எங்கள் வீட்டிலேயே உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன்.

பேட்டரி விஷயத்தில் கவனம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பழைய பேட்டரியையும் மேஜையில் விட்டுவைக்கக் கூடாது. பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி, காது நன்றாகக் கேட்கும் இன்னொரு ஆள். விசில் பெரும்பாலும் உச்ச ஸ்தாயியில் வருவது. வயதாகும்போது முதலில் போவதும் அந்த உச்சச் சத்தங்கள்தான். அதனால்தான் மாட்டியிருப்பவருக்கு விசில் கேட்பதில்லை. "நின்னுடுச்சாம்மா?" என்று அவரிடமே கேட்டு முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

3. மாட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள்

நான் பார்த்த விசில்களில் பாதிக்கு மேல் இங்கேயே நின்றுவிட்டன. அதனால் இதில் அவசரப்படாதீர்கள்.

வலது இடது மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. இரண்டு காதுக்கும் மெஷின் உள்ளவர்களுக்கு, கண்ணாடி போடாமல் மாட்டும்போது இது அடிக்கடி மாறும்.

மோல்டு உள்ள மெஷினில், மோல்டை முதலில் உள்ளே வைத்துவிட்டு அப்புறம்தான் மெஷினைக் காதின் பின்னால் தூக்கிப் போட வேண்டும். மெஷினை முதலில் போட்டால் டியூப் முறுக்கிக்கொண்டு மோல்டை வெளியே இழுக்கும். மெல்லிய ஒயரும் ரப்பர் குடையும் உள்ள வகையில் நேர்மாறு: மெஷினைக் காதுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் டோமை உள்ளே தள்ள வேண்டும்.

மோல்டின் மேல்பக்கம் ஒரு சின்னக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். காதின் மேல் மடிப்புக்குள் அது போய் ஒளிந்துகொள்ள வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். கீழ்ப்பகுதி உள்ளே போய்விட்டது, கொம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. பார்ப்பதற்கு மாட்டிய மாதிரியே இருக்கும், ஆனால் மேல்பக்கம் நூல் அளவு இடைவெளி. அந்த நூல் இடைவெளி போதும்.

உள்ளே போக மறுத்தால் மற்றொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள், வாயையும் திறக்கச் சொல்லுங்கள். காதுத் துவாரம் கொஞ்சம் நேராகும். முடி ஒரு இழை மாட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கோடாலி முடிச்சுப் போடும் பாட்டிகளுக்கு இது வழக்கம்.

தேங்காய் எண்ணெய் தடவி வழுக்கவைத்து மாட்டுவது ஒரு குறுக்கு வழி. வேண்டாம். உள்ளே போவது போலவே வழுக்கி வெளியேயும் வரும், எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து சத்தம் வரும் துளையை அடைக்கும்.

மாட்டி முடிக்கும்வரை மெஷினை அணைத்தே வைத்திருங்கள். பேட்டரிக் கதவைத் திறந்து வைத்தால் போதும். விசில் அலறலோடு மாட்டிப் பழகிய பெரியவர்கள் பயத்தில் பாதியிலேயே கையை எடுத்துவிடுகிறார்கள்.

4. காதுக்குள் குறும்பி இருக்கிறதா?

மாட்டியது சரியாக இருந்தும் விசில் வந்தால், அடுத்த சந்தேகம் குறும்பி. துவாரத்தைக் குறும்பி அடைத்திருந்தால், உள்ளே போகும் சத்தம் செவிப்பறையைத் தொடாமல் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வரும். மோல்டு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் திரும்பி வரும் சத்தம் கசியத்தான் செய்யும்.

மெஷின் போடுபவர்களுக்குக் குறும்பி அதிகம் சேரும். சாதாரணமாகக் காது தன் அழுக்கைத் தானே மெதுவாக வெளியே தள்ளிக்கொள்ளும். நாளெல்லாம் மோல்டு கதவு போல நின்றால் அது எங்கே போகும்? "முன்னாடி எல்லாம் சுத்தமா இருந்துச்சே" என்று அலுத்துக்கொள்ளத் தேவையில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால் வாசலில் இருப்பது மட்டும் தெரியும். உள்ளே பார்க்க டாக்டரின் காதுநோக்கி வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை டாக்டரிடம் காட்டுவதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். பல் டாக்டருக்குச் செலவழிப்பதைவிட இது குறைவு.

இந்த இடத்தில்தான் வீட்டு வைத்தியம் அத்தனையும் வரிசை கட்டி வரும். பட்ஸ் போட்டால் குறும்பி இன்னும் ஆழத்துக்குப் போய் இறுகும். ஹேர்பின், தீக்குச்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். பூண்டு காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றுவது இன்னமும் நடக்கிறது. சூடு கொஞ்சம் கூடினால் தோல் வெந்துபோகும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுச்செவிக்குப் போகும். பேருந்து நிலையத்தில் காது குடைந்துவிடுகிறவரிடம் உட்காருவதும் வேண்டாம்.

குறும்பியை இளக்கும் சொட்டு மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தால் சில நாள் விட்டு, பிறகு அவரிடமே எடுத்துக்கொள்ளலாம். காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை, முன்பு காது ஆபரேஷன், இதில் எது இருந்தாலும் கடையில் தானாகச் சொட்டு மருந்து வாங்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காதைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகு அவர்களுக்குத் தொற்று வந்தால் அது சாதாரணமாக நிற்காது. எடுக்கும் முறையையே டாக்டர் மாற்றிக்கொள்வார்.

சொட்டு விட்ட உடனே மெஷினை மாட்டாதீர்கள். மருந்து முழுவதும் வடிந்து, காது காய்ந்த பிறகே மாட்டுங்கள். இல்லாவிட்டால் மருந்து டியூபில் ஏறி, விசிலுக்குப் பதிலாக இப்போது சத்தமே வராது.

5. விரல் சோதனை: கசிவு எங்கே?

காது சுத்தம், மாட்டியதும் சரி, ஆனாலும் விசில். இப்போது மெஷினைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவாருங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மோல்டு வகைக்கு இந்தச் சோதனை அருமையாக வேலை செய்யும். அஞ்சு நிமிடம்கூட ஆகாது.

மெஷினை ஆன் செய்து வால்யூமைக் கூட்டுங்கள். மேஜையில் வைத்தாலே விசில் அடிக்கும், அடிக்கட்டும். மோல்டின் முனையில், காதுக்குள் போகும் பக்கத்தில், சத்தம் வரும் துளையை விரல் நுனியால் அழுத்தி மூடுங்கள். மோல்டில் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் காற்றுத் துளை இருந்தால் அதையும் சேர்த்து மூடுங்கள். இதை மறந்துவிட்டு "டியூப் போச்சு" என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

மூடியதும் விசில் நின்றுவிட்டதா? அப்படியானால் மோல்டு, டியூப், மெஷின் மூன்றும் நல்லபடி இருக்கின்றன. மோல்டுக்கும் காதுக்கும் நடுவில்தான் கசிவு. அதாவது மோல்டு தொளதொளவென்று ஆகிவிட்டது. 7-வது படிக்குப் போங்கள்.

நிற்கவில்லையா? மோல்டையும் டியூபையும் சேர்த்து, மெஷினின் கொக்கியிலிருந்து, அதாவது காதின் மேல் வளைந்து நிற்கும் துண்டிலிருந்து, மெல்லக் கழற்றுங்கள். கொக்கியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு டியூபை இழுக்க வேண்டும், மெஷின் உடம்பைப் பிடித்து இழுத்தால் கொக்கி உடையும். இப்போது கொக்கியின் நுனியை விரலால் மூடுங்கள். விசில் நின்றால் குற்றவாளி டியூப், அல்லது டியூபும் மோல்டும் ஒட்டும் இடம்.

இப்பவும் அடிக்கிறதென்றால் கொக்கியில் விரிசல் இருக்கலாம், இல்லாவிட்டால் மெஷினுக்கு உள்ளேயே சத்தம் கசிகிறது. கீழே விழுந்த மெஷினில் உள்ளே இருக்கும் ரிசீவர், அதாவது சத்தம் தரும் குட்டி ஸ்பீக்கர், இடம் நகர்ந்து இப்படி ஆகும். அது சர்வீஸ் சென்டர் வேலை, நாம் கை வைக்கக் கூடாது.

எந்தப் படியில் விசில் நின்றது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்குப் போய் "விசில் அடிக்குது" என்று சொல்வதும், "கொக்கி நுனியை மூடினால் நிற்கிறது, மோல்டு துளையை மூடினால் நிற்கவில்லை" என்று சொல்வதும் ஒன்றில்லை. இரண்டாவதாகச் சொன்னால் அந்த ஆள் நேராக டியூப் டப்பாவை எடுப்பார்.

6. டியூபும் மோல்டின் சுத்தமும்

புது டியூப் தெளிவாக, வளைந்து கொடுப்பதாக இருக்கும். வியர்வையும் வெயிலும் பட்டு மஞ்சளாகி, விறைத்து, சுருங்கும். சுருங்கிய டியூப் மோல்டைக் காதிலிருந்து மேலே இழுக்கும், வளைவில் கீறலும் விடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய சாமான் இது. நம் ஊர் வெயிலில் நான் மூன்று மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

டிரிப் ஏற்றும் டியூபை வெட்டிப் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். மீன் தொட்டி டியூபும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வழக்கமாகப் போடும் 13-ஆம் எண் டியூபின் உள்விட்டம் 1.93 மில்லிமீட்டர். உள்விட்டமும் சுவரின் தடிமனும் மாறினால் காதுக்குள் போகும் சத்தத்தின் தன்மையே மாறும், கசிவும் மாறும். கீறலை ஃபெவிகுவிக் வைத்து அடைத்தால் டியூப் கண்ணாடி போல இறுகி அடுத்த வாரம் அதற்குப் பக்கத்திலேயே உடையும்.

மோல்டைக் கழுவுவதற்கும் முறை இருக்கிறது. மெஷினிலிருந்து முழுக்கக் கழற்றிய பிறகே தண்ணீர். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, பத்து நிமிடம் ஊறட்டும். அலசிவிட்டு ஊதுகுழலால் டியூபுக்குள் நிற்கும் தண்ணீரை ஊதித் தள்ளி, ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். காலையில் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு துளி தண்ணீர் நின்றாலும் சத்தத்தை அது மறிக்கும். ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைத்தால் மோல்டு விறைக்கும், வேண்டாம்.

மாட்டும்போது மோல்டின் வளைவும் மெஷினின் வளைவும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று கவனியுங்கள். திரும்பிய நிலையில் மாட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க "காதுல குத்துது" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டியூபைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

7. மோல்டு தளர்ந்திருந்தால்

காது மாறிக்கொண்டேதான் இருக்கும். உடம்பு இளைத்தால் காதுத் துவாரமும் பெரிதாகும், பல் எடுத்துப் பல்செட் வைத்தால் தாடையோடு சேர்ந்து அதன் வடிவமும் மாறும். குழந்தைகளுக்கோ காது வளர்ந்துகொண்டே இருப்பதால் சில மாதங்களுக்கு ஒரு முறை புது மோல்டு எடுத்தாக வேண்டியிருக்கும். மெஷினோடு ரெடிமேடாக வரும் ரப்பர் நுனியைப் போட்டு ஓட்டுகிறவர்கள் தனி அச்சு எடுத்தாலே பாதித் தொல்லை போய்விடும், குறிப்பாக காது ரொம்பவே மந்தமாகி வால்யூம் அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கு.

அச்செடுக்கும்போது முதலில் நூல் கட்டிய பஞ்சைத் துவாரத்துக்குள் வைத்து, அதற்கு மேல் பசையை ஊற்றி, இறுகும்வரை சில நிமிடம் விடுவார்கள். பேசும்போது, சாப்பிடும்போது மட்டும் விசில் வருகிறது என்றால் அதை அச்செடுப்பவரிடம் சொல்லி, வாயை அசைத்து அச்செடுக்கச் சொல்லுங்கள். வாயை மூடி எடுத்த அச்சு, வாய் திறந்ததும் இடைவெளி விடும்.

பஞ்சைச் சுற்றியோ மெழுகுவர்த்தி மெழுகு வைத்தோ தளர்ந்த மோல்டை இறுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே உதிர்ந்துவிட்டால் எடுப்பதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். மோல்டில் இருக்கும் சின்னக் காற்றுத் துளையையும் நீங்களாக அடைக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் தன் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும், காதும் வியர்க்கும். துளை பெரிதாக இருந்து கசிவதாகத் தோன்றினால், அதைச் சிறிதாக்க வேண்டியவர் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைப் பொருத்தித் தரும் நிபுணர்.

8. டோம் வகைக்கு

இதில் டியூப் இல்லை, ரிசீவரே காதுக்குள் இருக்கிறது. அதனால் பார்க்க வேண்டியவை இரண்டுதான். டோமின் அளவு சரியா, அது கிழிந்திருக்கிறதா? சின்ன டோம் ஆடும், ஆடினால் கசியும். பக்கத்தில் ஓட்டைகள் உள்ள திறந்த டோம், மூடிய டோம் என்று வகைகளும் உண்டு. வால்யூம் அதிகம் தேவைப்படும் காதுக்குத் திறந்த டோம் போட்டால் விசில் வரத்தான் செய்யும்.

கழற்றும்போது டோம் முனையிலேயே இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். காதுக்குள் தங்கிவிட்டால் நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். முனையில் இருக்கும் சின்ன வெள்ளை வடிகட்டி அடைத்தால் சத்தம் மங்கும், மங்கியது என்று வால்யூமைக் கூட்டுவார்கள், கூட்டியதும் விசில் வரும். வடிகட்டியை மாற்றினால் போதும்.

9. பேட்டரி, ஈரம், போன்

பேட்டரி விசிலுக்குக் காரணமாவது அபூர்வம். ஆனாலும் எல்லோரும் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள். மாற்றுவதானால் ஸ்டிக்கரின் நிறத்தைப் பாருங்கள்: 10-ஆம் எண் பேட்டரிக்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். இவை காற்றில் வேலை செய்பவை. ஸ்டிக்கரைக் கிழித்து ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் போட்டால் முழுச் சக்தி கிடைக்கும். திரும்ப ஸ்டிக்கரை ஒட்டினால் மிச்சமாகும் என்பது நம் ஆசை, அவ்வளவுதான்.

ராத்திரியில் மெஷினைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். குளிக்கும்போது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, பவுடர் போடும்போது கழற்றிவிட வேண்டும்.

போனில் விசில் வருகிறவர்கள் போனைக் காதுத் துவாரத்தில் அழுத்திப் பிடிக்கிறார்கள். மெஷினின் மைக் காதுக்கு மேல்தான் இருக்கிறது. போனின் ஸ்பீக்கரைக் கொஞ்சம் மேலே தூக்கி, காதை ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளியில் பிடிக்கச் சொல்லுங்கள். இதைப் பழக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இன்னமும் அம்மா பாதி நேரம் ஸ்பீக்கரில் போட்டு ஊரே கேட்கத்தான் பேசுகிறார்.

10. ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது

இத்தனைக்குப் பிறகும் விசில் என்றால் மெஷினின் செட்டிங் பார்க்க வேண்டும். டிஜிட்டல் மெஷின்களில் விசிலைக் கண்டுபிடித்து அடக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. மோல்டோ டோமோ மாற்றினால் காதில் மாட்டிய நிலையில் அதற்கான விசில் சோதனையை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். பழைய மோல்டுக்குச் செய்த செட்டிங் புதியதற்குப் பொருந்தாது.

ஒரு கடையில் அம்மாவின் விசிலை இரண்டே நிமிடத்தில் நிறுத்திக் கொடுத்தார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலம் காலிங் பெல் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் உச்சச் சத்தங்களை மொத்தமாகக் குறைத்திருக்கிறார்கள். வால்யூமைக் குறைப்பதும் இதுவும் ஒன்றேதான், செய்த இடம்தான் வேறு. அதனால் "எதைக் குறைச்சீங்க? கேட்கிறது குறையுமா?" என்று அங்கேயே கேளுங்கள்.

பாட்டுக் கேட்கும்போது மட்டும் விசில் போல, அலை அலையாக ஒரு நடுக்கம் வருகிறதென்றால் அது கசிவு இல்லாமலும் வரும். புல்லாங்குழலின் நீண்ட ஒற்றைச் சுரத்தை மெஷின் விசில் என்று தப்பாக நினைத்து, அதை அடக்கப் பார்க்கிறது. இசைக்கென்று தனி செட்டிங் போட்டுத் தரச் சொன்னால் பெரும்பாலும் குறையும்.

11. கடைசியாக ஒரு சோதனை

விசில் நின்ற பிறகு கேட்கும் திறன் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள். ஆறு ஒலிகள் போதும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சத்தத்திலிருந்து உச்சச் சத்தம்வரை பேச்சுக்கு வேண்டியதெல்லாம் இந்த ஆறில் வந்துவிடும். சிகிச்சை மையங்களில் குழந்தைகளுக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆறடி தள்ளி நின்று, உதடு தெரியாதபடி ஒரு தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கேட்டதும் அவர் கையைத் தூக்க வேண்டும். வரிசையை மாற்றிச் சொல்லுங்கள், இடைவெளியையும் மாற்றுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் அவர்களும் தாளத்துக்குக் கை தூக்குவார்கள். வாய்க்கு நேராகத் தாளை ஒட்டிப் பிடித்தால் ‘ஸ்’ மழுங்கிவிடும், கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.

முன்பு கேட்ட ‘ஷ்’, ‘ஸ்’ இப்போது கேட்கவில்லை என்றால், விசில் நின்றது உச்சச் சத்தத்தைக் குறைத்ததால்தான். திரும்ப 5-வது படிக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஆடியாலஜிஸ்டிடம்.

புது மோல்டு வந்த அன்று அம்மாவிடம் இதைச் செய்தேன். ம், ஆ, ஈ எல்லாவற்றுக்கும் கை தூக்கினார். கடைசியில் தாளுக்குப் பின்னால் நின்று ‘ஸ்ஸ்’ என்றேன். கை எழவில்லை. மறுபடி ‘ஸ்ஸ்’. "கேக்குதுடா, எதுக்குப் பாம்பு மாதிரி சீறிக்கிட்டே இருக்க?" என்றார்.